வந்து சேராத முகம்

தானும் நண்பர்களும் வைத்திருந்த கண்காட்சிக்கு வரச் சொல்லி என் மகள் ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போகாமலிருக்க எனக்குக் காரணங்கள் இருந்தன. டிசம்பர் மாதத்துத் தில்லிக் காற்று என் நெஞ்சுக்கு ஆகாது. கன்னாட் பிளேஸில் மெட்ரோ மாறவேண்டும். அங்கே கூட்டத்தில் ஒருமுறை என் காதுக்கருவி கீழே விழுந்து, அத்தனை ஜோடி செருப்புகளுக்கு நடுவிலிருந்து அதைப் பொறுக்கி எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியில் அவள் கோபித்துக்கொண்டு பேசுவதை நிறுத்தியதால் போனேன்.

லாடோ சராயில் ஒரு சந்து. கீழே குளியலறை ஓடு விற்கும் கடை, மாடியில் கண்காட்சி. படிக்கட்டில் கைப்பிடி கிடையாது. முதல் அறையில் பதினொரு படங்கள் மாட்டியிருந்தார்கள். ஒன்றுகூட முழுசாக இல்லை. ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் குதிரை ரப்பர்போல இழுபட்டுச் சட்டத்தின் மறுகோடிவரை போயிருந்தது. குதுப்மினார் ஏழு துண்டாக வெட்டுப்பட்டு, துண்டுகள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு முகம் பச்சை, கழுத்து ஊதா.

"ஏளா, பிரின்டர் கெட்டுப்போயிருக்கு. யாரும் பாக்கலியா?" என்றேன் மகளிடம்.

"அப்பா, மெதுவா பேசுங்க. பிரின்டர் டீக், நல்லாத்தான் இருக்கு. இது வேணும்னே பண்ணினது."

"வேணும்னே கெடுத்ததா?"

"ஆமா. கிளிட்ச் ஆர்ட்னு சொல்லுவாங்க. படத்தோட ஃபைலைத் திறந்து உள்ள இருக்கிற எழுத்துல நாலைக் கலைச்சு விட்டா இப்படி ஆகும்."

அவள் நொய்டாவில் ஒரு கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் நடத்துகிறாள். நான் ஒரு புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் அட்டவணைகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். ஓர் எண் இடம் மாறிவிட்டால் முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பியவன். எனக்குப் பிறந்தவள் பிழையை உண்டாக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறாள் என்பதை ஜீரணித்துக்கொள்ள முயன்றபடியே இரண்டாவது அறைக்குள் போனேன். அது இருட்டாக இருந்தது.

எதிரே கதவளவு திரை. அதில் என் மனைவி.

முதலில் அவள் என்று தெரியவில்லை. நெற்றி ஒரு கணத்துடையது, வாய் இன்னொரு கணத்துடையது. கன்னம் ஈரச்சாயம்போல வலது பக்கம் வழிந்துகொண்டிருந்தது. தலையணையின் பச்சை மோவாய்க்கு மேல் ஏறியிருந்தது. முடிக்குள் ஒரு மின்விசிறி இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டங்கள் நகர நகர, எங்கோ ஓர் இடத்தில் கண் திறந்து மூடியது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எண்ணினேன், எனக்கு அதிர்ச்சி வந்தால் அதைத்தான் செய்யத் தெரியும். நெற்றிக்குக் குறுக்கே பதினான்கு கட்டங்கள். மேலிருந்து கீழே இருபதுக்குமேல் போக முடியவில்லை. எண்ணியவை இடம் மாறிக்கொண்டே இருந்தன.

"அந்தக் கடைசி வீடியோ காலா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதுபோல இருந்தது.

"ஆமாப்பா. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா வரமாட்டீங்கன்னு..."

திரைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ஹெட்போன் தொங்கியது. நான் அதைத் தொடவில்லை. அங்கே நிற்கவே முடியவில்லை. வெளியே வந்து, கீழே ஓடு விற்கும் கடையின் வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். தொற்று பரவிய காலத்தின் மிக மோசமான மாதத்தில் என் மனைவியை மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே யாரையும் விடவில்லை. ஒரே ஒரு நாள், ஒரு நர்ஸ் இரக்கப்பட்டு அவளுடைய போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, வீடியோவில் பேசினோம். அப்போது என் காதுக்கருவிக்குப் பேட்டரி கிடைக்கவில்லை; கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. அவள் பேசியதை மகள்தான் என் காதருகே கத்திச் சொன்னாள். நல்லா இருக்காங்களாம். சாப்பிட்டாங்களாம். நீங்க மாத்திரையை மறக்கக் கூடாதாம். மூன்றே செய்தி. பேசும்போதே மகள் அதைப் பதிவும் செய்திருக்கிறாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. உடலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறந்து காட்டவில்லை.

ஆகவே நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் கட்டங்களில்தான். பதிவை அதற்குப் பிறகு ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். அந்தக் கட்டங்களுக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல, அவள் முகம் முழுசாக இருக்கிறது. நிலவின் மறுபக்கத்தையே படம் எடுத்துவிட்டார்கள். ஒரு நல்ல தொழில்நுட்பக்காரன் கிடைத்தால் கட்டங்களை விலக்கிவிட்டு முகத்தை எடுத்துக் கொடுப்பான். அந்த ஒரு முகம் எனக்கு வேண்டும். அவசரப்படாமல் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

மகள் கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு சாய் வாங்கி வந்திருந்தாள்.

"நீ எத்தனை உடைச்சே? நெட்வொர்க் எத்தனை உடைச்சுது? அதை மட்டும் சொல்லு," என்றேன்.

"நான் எதையும் உடைக்கலப்பா. மத்த பதினொண்ணும் நாங்களா உடைச்சது. இது ஒண்ணுதான் தானா உடைஞ்சது. நான் பெரிசு பண்ணினேன், மெதுவாக்கினேன். பஸ், அவ்வளவுதான்."

"அப்படின்னா அடியில இருக்கிற முகத்தை எடுத்துக் குடு."

அவள் சாய்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அடியில எதுவும் இல்லப்பா," என்றாள். பிறகு, மாணவர்களுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுசாக வருவதில்லையாம். முதலில் ஒரு முழுப் படம் வரும். அதற்குப் பிறகு எது எது மாறியதோ அது மட்டும் வரும். மாற்றம் வழியில் தொலைந்துபோனால், இயந்திரம் பழைய படத்தை வைத்தே ஒப்பேற்றிவிடும். "அன்னைக்கு முழுசா வந்த படம் ஒண்ணே ஒண்ணுதான். நர்ஸ் போனைத் திருப்பறதுக்கு முன்னாடி சீலிங்தான் தெரிஞ்சுது. ஃபேன், ட்யூப்லைட், நர்ஸ் கிளவுஸ். அப்புறம் அம்மா பக்கம் திருப்பினாங்க. அப்போ மாற்றம்தான் வந்துது, அதுலயும் பாதி தொலைஞ்சு போச்சு. அதான் அம்மா தலையில ஃபேன்."

எனக்கு உடனே புரிந்ததுதான் கொடுமை. எங்கள் அலுவலகத்துக்கு மாவட்டங்களிலிருந்து வரும் மாதாந்திரக் கணக்கும் அப்படித்தான். போன மாதத்திலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் அனுப்புவார்கள். ஒரு மாதத்து உறை தபாலில் தொலைந்தால், நாங்கள் பழைய எண்ணிலேயே கூட்டிக் கழித்துக்கொண்டு போவோம். அட்டவணை பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஊரில் அட்டவணை சொன்னபடி யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"அப்ப அந்த முகம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அது வந்து சேரவே இல்லப்பா."

 இத்தனை காலம் ஏதோ ஒன்றை யாரோ ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று இருந்தேன். பெட்டியே இல்லை என்கிறாள்.

"எதுக்கு இதைப் போய் ஊர் பார்க்க மாட்டினே? அவ என்ன குதுப்மினாரா?"

"எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும்போது நடுவுல ஒரு மெஷின் இருக்குன்னே நமக்குத் தெரியறதில்லப்பா. அம்மாவையே பாக்கறோம்னு நினைச்சுக்கறோம். உடையும்போதுதான் தெரியுது, நாம அம்மாவைப் பாக்கல, அம்மாவைப் பத்தி மெஷின் சொன்னதைப் பாக்கறோம்னு. அதைக் காட்டணும்னு நினைச்சேன்."

சந்தின் கோடியில் சாம்பல் நிறத்தில் புகைமூட்டம் நின்றது. இந்த ஊரில் காற்றைக் கண்ணால் பார்க்க முடிவது அது கெட்டுப்போன மாதங்களில் மட்டும்தான். மற்ற மாதங்களில் காற்று என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அந்த நிமிடம் பட்டது. பட்டதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

"எடுத்துரு. இன்னைக்கே எடுத்துரு," என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. அன்னைக்கு வந்து வேணாம்னு சொன்னீங்கன்னா அங்கயே கழட்டிடறேன். சத்தியமா, கசம் சே."

"பதிவை ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு."

"எதுக்கு?"

"நீ காட்டறதைக் காட்டு. நான் பாக்கறதைப் பாக்கேன்."

கரோல்பாக்கில் எங்கள் தெருமுனையில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படங்களும், இறந்தவர்களுக்கு மாலை போட்ட படங்களும்தான் அங்கே தொழில். கடைக்காரர் பஞ்சாபி, நாங்கள் பேசியது இந்தியில். சத்தத்தை அணைத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார். "அங்கிள்ஜி, இதெல்லாம் இப்ப ஒரு விஷயமே இல்ல. ஏஐ இருக்கு. சாய் குடிச்சிட்டு வாங்க," என்றார்.

நான் சாய் குடிக்கப் போகவில்லை. அவருக்குப் பின்னால் நின்றேன். உடைந்த படங்களில் ஒன்றை நிறுத்தினார். ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு நீலக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. கோடு தாண்டிய இடத்திலெல்லாம் கட்டங்கள் கரைந்து தோல் வந்தது.

ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மகளுக்கு என்ன தெரியும், இதோ வந்துவிட்டாளே என்று நினைத்தேன். கைகூடக் குவிந்துவிட்டது. பிறகு பழக்கதோஷம், சரிபார்க்க ஆரம்பித்தேன். மேல்வரிசைப் பற்கள் நேராக இருந்தன, அவளுக்குத் தெற்றுப்பல். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லை. கண்ணுக்குக் கீழே வீக்கம் இல்லை. நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. புருவத்தைத் திருத்தியிருந்தார்கள். மூக்குத்தி இடது பக்கம் இருந்தது.

"மூக்குத்தி வலது பக்கம்லா இருக்கணும்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இந்தியில் சொன்னேன். மருத்துவமனையில் அவளுடைய வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். மூக்குத்தி மட்டும் திருகு இறுகிக் கழலவில்லை. அதனால் அது அங்கேதான் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இல்ல அங்கிள்ஜி, லேடீஸ் எல்லாம் இடது பக்கம்தான் போடுவாங்க. என் அம்மா, என் வீட்டுக்காரி, எல்லாரும்."

"எங்க ஊர்ல வலது."

"அச்சா? மதராஸ்ல உல்டாவா? நோ பிராப்ளம்." ஒரு சொடுக்குச் சொடுக்கினார். முகம் முழுவதும் இடம்வலமாகத் திரும்பியது. மூக்குத்தி வலது பக்கம் வந்தது. கூடவே, சரியான இடத்தில் இருந்த ஒரே பொருளான கன்னத்து மச்சம் தப்பான கன்னத்துக்குப் போய்விட்டது.

"இப்ப மச்சம் தப்பு."

"மச்சத்தை அழிச்சிடவா?"

வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். "அங்கிள்ஜி, கோபப்படாதீங்க. ஆன்ட்டிஜி எப்படி இருந்தாங்கன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? உலகத்துல இருக்கிற எல்லா ஆன்ட்டியையும் பார்த்துவச்சிருக்கு. அதுலேர்ந்து சுமாரா ஒரு ஆன்ட்டியைப் போடுது. வீட்ல மாட்டினா யாருக்குத் தெரியப்போவுது?"

அதுதான் என்னை உலுக்கியது. இன்னும் சிறிது காலம் போனால் எனக்கே தெரியாது. தினமும் காலையில் இந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து, தெற்றுப்பல் என் நினைவிலிருந்தே போய்விடும். நோயே வராத, இடது பக்கம் மூக்குத்தி போட்ட யாரோ ஒருத்தியோடு நாற்பது வருடம் வாழ்ந்ததாக நான் நம்ப ஆரம்பித்துவிடுவேன். கைகூடக் குவித்துவிட்டேனே. படத்தை அழிக்கச் சொன்னேன். அவர் அழித்துவிட்டு, "ப்ரீதான் அங்கிள்ஜி, பரவாயில்ல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி லாடோ சராய்க்குப் போனேன். என்ன சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்: எடுத்துவிட வேண்டும். முழு முகம் கிடைக்காது என்று ஆன பிறகு, உடைந்த முகத்தை மட்டும் ஊருக்குக் காட்டுவானேன்? எங்கும் வேண்டாம், எங்களோடு முடிந்துபோகட்டும்.

இருட்டறையில் ஒரு பெண் நின்றிருந்தாள். வயது இருபத்தைந்து இருக்கலாம். முதுகில் மடிக்கணினிப் பை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, என் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். லேசான புன்னகை இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எதுக்கும்மா சிரிக்கே?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டோமே என்று உறைத்தது. இந்தியில் கேட்க வாயெடுத்தேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "ஐயோ, நீங்க தமிழா அங்கிள்? நான் குர்கான்ல வேலை பாக்கறேன், சொந்த ஊர் மதுரை. இந்த ஆன்ட்டி செம்ம காமெடி அங்கிள். கேட்டீங்களா? கேளுங்க, கேளுங்க!" என்று அதை என் கையில் திணித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "சாரி அங்கிள்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

காதுக்கருவியோடு ஹெட்போன் மாட்டினால் விசில் அடிக்கும். கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். சத்தத்தை முழுக்க ஏற்றி, ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். முதலில் இரைச்சல். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, என் மனைவியின் குரல்.

"ஏட்டி, என்ன இது, ஒங்க அப்பா மொகம் கட்டங்கட்டமால்லா வருது! மூக்கு ஒரு பக்கம், வாயி ஒரு பக்கம்!"

"நெட்வொர்க் சரியில்லம்மா."

"நானும் அப்படித்தான் தெரியுதேனா?"

"ஆமாம்மா."

"அப்ப அவுகள எண்ணச் சொல்லு. எத்தனை கட்டம்னு. எண்ணிக்கிட்டு இருந்தாவன்னா பயப்பட மாட்டாவ."

அதைத் தொடர்ந்து அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. "ஆன்ட்டி, ஜியாதா மத் போலியே," என்று அதிகம் பேசவிடாமல் தடுத்தது நர்ஸின் குரல். மறுபடி இரைச்சல். மறுபடி முதலிலிருந்து.

நான் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட சில விஷயங்களில் அது ஒன்று.

அவள் எனக்கு எப்படித் தெரிந்தாள் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தவன் நான், பார்க்கப்பட்டவள் அவள் என்றே என் மனம் அந்த அழைப்பை வைத்திருந்தது. அந்தப் பக்கமும் ஒரு திரை இருந்தது. அதில் நானும் உடைந்து தெரிந்தேன். அவள் கடைசியாகப் பார்த்த என் முகம் மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாகப் போனது என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.  அவளுக்கும் என் முகம் வந்து சேரவில்லை. அதற்கு அவள் சிரித்திருக்கிறாள்.

மகள் பின்னால் வந்து நின்றிருந்தாள். கருவியை மறுபடி காதில் பொருத்திக்கொண்டு கேட்டேன். "அன்னைக்கு ஏன் இதைச் சொல்லலை? மாத்திரை, சாப்பாடுன்னு என்னத்தையோ சொன்னியே?"

"அதெல்லாமும் அம்மா சொன்னாங்கப்பா. இதைச் சொல்லத் தேவைப்படலை."

"ஏன்?"

"நீங்க ஏற்கெனவே எண்ணிட்டுத்தான் இருந்தீங்க. உதடு அசைஞ்சுட்டே இருந்துது."

இருட்டறையாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவளே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு. கழட்டிடவா?"

"படம் இருக்கட்டும்," என்றேன். "சத்தத்தை எடுத்துரு."

"சத்தத்தையா? அப்பா, இங்க வரவங்களுக்குத் தமிழே தெரியாது."

"இப்ப ஒருத்தி கேட்டுட்டுச் சிரிச்சிட்டுப் போறா."

"நல்லதுதானே? சத்தம் இல்லேன்னா இது சும்மா ஒரு உடைஞ்ச படம்."

"உடைஞ்ச படமே போதும்னுதானே அன்னைக்கு அவ்வளவு பாடம் நடத்தினே? மெஷின் சொன்னதை ஊரு பாக்கட்டும். அவ சொன்னது எனக்குச் சொன்னது."

அவள் வாதாடப் போகிறாள் என்று நினைத்தேன், வாயும் திறந்தாள். பிறகு குனிந்து, திரைக்குப் பின்னால் கையை விட்டு, ஹெட்போனின் கம்பியைப் பிடுங்கினாள். கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "வீட்டுக்கு வந்து உங்க போன்ல போட்டுத் தரேன். ஜல்தி எல்லாம் முடியாது, சாயங்காலம்," என்றாள்.  

அப்போது கம்பளிக்குல்லா போட்ட ஒருவர் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். வெறும் ஆணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு திரைக்கு முன்னால் நின்று, தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்து, அப்புறம் மறுபக்கம் சாய்த்து, துண்டுகளைச் சேர்த்து அது யாருடைய முகம் என்று பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.